அப்பாவுக்கு சீனியால் கிட்னி போனால் பிள்ளைக்கும் போகுமா?

கேள்வி கேட்டவர் கல்லிடைக்குறிச்சிக்காரர், வயது 33. அப்பாவுக்கு 20 வருடமாகச் சீனி. இப்போது வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். பெரியப்பாவும் இதே நோயில்தான் இறந்தார். ஆனால் அத்தைக்கு 70 வயது, 25 வருடச் சீனி, மாத்திரையை நினைத்தால் போடுவார், அல்வாவைக் கண்டால் விடமாட்டார். அவர் கிட்னிக்கு இதுவரை ஒன்றும் ஆகவில்லை. கேட்டவருக்கே இரண்டு வருடம் முன்பு சீனி கண்டுபிடித்திருக்கிறார்கள், கடைசி ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 7.8. "ஜீன் டெஸ்ட் எடுத்தால் எனக்கும் கிட்னி போகுமா போகாதா என்று தெரிந்துவிடுமா? ஒரே குடும்பத்தில் அத்தை மட்டும் எப்படித் தப்பினார்?" என்கிறார். கூடவே ஒரு வரி: 28 வயதுத் தங்கைக்குச் சீனி இல்லை, இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்பாவுக்குத் தன் கிட்னியைக் கொடுத்தே தீருவேன் என்கிறாள், சம்மதிக்கலாமா?

ஜீன் டெஸ்ட் என்று எழுதியிருந்தாலும், கேட்பது வேறு. எல்லாம் பிறக்கும்போதே எழுதிவைத்ததென்றால் வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டி என்ன லாபம் என்பதுதான் அதன் அடியில் இருக்கிறது. பாளையங்கோட்டையில் பொது மருத்துவம் பார்க்கிற எனக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிவரும் பிள்ளைகள், வெளியே வந்து செருப்பை மாட்டிக்கொண்டே, பாதிக் குரலில் இதைத்தான் கேட்பார்கள். நான் சிறுநீரக நிபுணர் அல்ல, மரபணு ஆராய்ச்சியாளரும் அல்ல; சீனி நோயாளிகளை வருடக்கணக்காகப் பின்தொடர்ந்து பார்க்கிறவன். அந்த அளவில் சொல்கிறேன். குடும்ப ஆபத்து உண்மை. ஆனால் அதை அளந்து சொல்லும் ஜீன் டெஸ்ட் இன்று உங்களுக்கு இல்லை. சில நூறு ரூபாயில் முடிகிற ஒரு காலைச் சிறுநீர்ப் பரிசோதனை அதைவிட அதிகம் சொல்லும்.

முதலில் உறுதியாகத் தெரிந்தது. சீனி வந்தவர் எல்லோருக்கும் கிட்னி கெடுவதில்லை. எத்தனை வருடம் போனாலும் மூன்றில் ஒருவருக்கு, அல்லது பத்தில் நான்கு பேருக்குத்தான் கெடுகிறது. அந்தச் சிலர் குடும்பம் குடும்பமாக வருகிறார்கள் என்பது 1980களிலேயே தெரிந்துவிட்டது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வில், டைப் 1 சீனியால் (இன்சுலின் அநேகமாகச் சுரக்காத, பெரும்பாலும் இளவயதில் வரும் வகை) கிட்னி கெட்டவர்களின் உடன்பிறப்புகளில், தாங்களும் சீனி நோயாளிகளாக இருந்தவர்களைப் பார்த்தார்கள். 83 சதவீதம் பேருக்குக் கிட்னி பாதிப்பின் அடையாளம் இருந்தது. கிட்னி கெடாத நோயாளிகளின் உடன்பிறப்புகளில் அது 17 சதவீதம்தான். அரிசோனாவின் பீமா பழங்குடியினரிடம் டைப் 2 சீனியை (பெரும்பாலோருக்கு வரும் சாதாரண வகை) ஆராய்ந்தவர்கள் 1990-இல் சொன்னது இன்னும் நேரடியானது: பெற்றோர் இருவருக்கும் சிறுநீரில் புரதம் (கிட்னி கெடுவதன் அடையாளம்) போகாத பிள்ளைகளில் 14 சதவீதத்தினருக்குப் புரதம் போனது, ஒருவருக்குப் போயிருந்தால் 23, இருவருக்கும் போயிருந்தால் 46. சென்னையில் 1999-இல் நம் ஆட்களிடமே நடந்த ஆய்வும் இதே திசையைத்தான் காட்டியது. ஆகவே அப்பா, பெரியப்பா என்று இரண்டு பேருக்குப் போயிருக்கிற வீட்டில் உங்கள் ஆபத்து பக்கத்து வீட்டுச் சீனி நோயாளியைவிடக் கூடுதல்தான். அதை மழுப்ப முடியாது.

ஆனால் அதே எண்களைத் திருப்பிப் பாருங்கள். பெற்றோர் இருவருக்குமே புரதம் போன வீட்டில்கூடப் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்குப் போகவில்லை. குடும்பத்தில் வருகிறது என்றாலே ஜீனில் வருகிறது என்றும் ஆகிவிடாது. ஒரே குடும்பம் என்றால் ஒரே அடுப்பு, ஒரே ஊறுகாய்ப் பரணி, ஒரே மெடிக்கல் ஸ்டோர். "நமக்கெல்லாம் ஒண்ணும் செய்யாதுவே" என்கிற ஒரே மனசு. அப்பாவும் பெரியப்பாவும் பீடி குடித்தார்களா, பிரஷர் மாத்திரையை எந்த வயதில் ஆரம்பித்தார்கள் என்றெல்லாம் நீங்கள் எழுதவில்லை. இவற்றில் எவ்வளவு ரத்தம், எவ்வளவு பழக்கம் என்று ஒரு குடும்பத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

அதற்கும் முன்னால் ஒரு சந்தேகம். அப்பாவின் கிட்னியைக் கெடுத்தது சீனிதான் என்று யார், எதை வைத்துச் சொன்னார்கள்? நம் பக்கம் சீனி இருந்து, ரத்தத்தில் கிரியேட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறினால் "சீனியால வந்தது" என்று எழுதி முடித்துவிடுகிறோம். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஆனால் கல் அடைத்துக் கெட்ட கிட்னி, வலி மாத்திரையால் கெட்டது, நீர்க்கட்டிகளால் பெருத்தது, எல்லாமே அந்த ஒரே பெயரில் போய்ச் சேர்வதுண்டு. அப்பாவின் பழைய ஸ்கேனை எடுத்துப் பாருங்கள். கண் விழித்திரைப் பரிசோதனைச் சீட்டு இருந்தால் அதையும் எடுங்கள். விழித்திரையில் சீனி பாதிப்பு ஏற்கெனவே இருந்தால் கிட்னி கெட்டதும் சீனியால்தான் என்பதற்கு வலு கூடும். கண் சுத்தமாக இருந்து கிட்னி மட்டும் போயிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். டைப் 2 சீனியில் இது முடிந்த முடிவல்ல, ஒரு துப்பு மட்டுமே. இருந்தாலும் உங்கள் பயத்தின் அஸ்திவாரமே அப்பாவின் நோய்ப்பெயர்தான் என்பதால், அதைச் சரிபார்ப்பது உங்கள் டெஸ்ட்டுகளுக்கு முன்னால் வர வேண்டிய வேலை.

இனி ஜீன். ஒரே ஒரு "கிட்னி ஜீன்" கிடைத்துவிடும் என்று இருபது முப்பது வருடம் தேடினார்கள். ஏசிஇ என்கிற ரத்த அழுத்த ஜீனில் ஒரு துண்டு இருப்பதும் இல்லாமல் போவதும் பற்றி மட்டும் எத்தனையோ கட்டுரைகள் வந்தன. ஓர் ஆய்வு ஆம் என்றது, அடுத்தது இல்லை என்றது. கடைசியில் மிஞ்சியது சின்ன விளைவு, அதை வைத்து யாருக்கும் மருந்து மாற்றுவதில்லை. ஏபிஓஎல்1 என்ற ஜீனின் இரண்டு வகைகள் கிட்னியை வலுவாகப் பாதிக்கும் என்று 2010-இல் தெரிந்தது. ஆனால் அவை ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் காணப்படுபவை; அங்கே தூக்க நோய்க் கிருமியிலிருந்து காப்பாற்றியதால் நிலைத்தவை. தாமிரபரணிக் கரைக்காரருக்கு அந்த டெஸ்ட்டால் பயனில்லை.

எனக்கு இதில் சுவாரசியமாகப் பட்டது 2019-இல் வந்த ஒரு முடிவு. ஏறத்தாழ 19,000 டைப் 1 நோயாளிகளின் மரபணுவை முழுக்க அலசியபோது முன்னால் வந்து நின்றது சிஓஎல்4ஏ3 என்ற ஜீன். கிட்னியின் வடிகட்டி உருண்டைகளுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு ஒருவகைக் கொல்லாஜன் புரதத்தால் ஆனது. அந்தப் புரதத்தின் ஓர் இழையைத் தயாரிப்பது இந்த ஜீன்தான். இதில் பெரிய பிழை இருந்தால் ஆல்போர்ட் நோய் வந்து கிட்னியும் காதும் கெடும். சீனி நோயாளிகளிடம் கண்டதோ ஒரு சாதாரண மரபணு எழுத்து மாற்றம், அதுவும் பாதுகாக்கிற மாற்றம். அதைப் பெற்றவர்களுக்குச் சவ்வு அவ்வளவாகத் தடிக்கவில்லை. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மாற்றத்தின் பலன் சீனி கட்டுக்குள் இல்லாதவர்களிடம்தான் தெளிவாகத் தெரிந்தது. சீனி ஏறாத உடம்பில் அந்த மாற்றத்துக்குப் பெரிதாக வேலையே இல்லை. ஜீன் தனியாக நின்று கிட்னியைக் கெடுப்பதில்லை, சீனியோடு சேர்ந்துதான் கெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

ஆனால் அந்த ஆய்வு ஐரோப்பிய வம்சாவளியினரிடம், டைப் 1-இல் நடந்தது. உங்களுக்கு இருப்பது பெரும்பாலும் டைப் 2, நீங்கள் தென்னிந்தியர். அங்கே பல சின்னச் சின்ன ஜீன்களைக் கூட்டிப் போடும் கணக்கை இங்கே அப்படியே நீட்டினால் தப்பாகும். இணையத்தில் எச்சிலை அனுப்பினால் "கிட்னி ஆபத்து 1.3 மடங்கு" என்று வண்ணப் படத்தோடு அறிக்கை தருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கொடுக்கும் காசில் வீட்டுக்கு ஒரு நல்ல பிரஷர் மெஷின் வாங்கலாம்.

ஜீன் டெஸ்ட் நிஜமாகவே உதவும் இடங்களும் உண்டு, அவை வேறு ஜாதி. ஒல்லியான உடம்பு, 25 வயதுக்குள் சீனி, மூன்று தலைமுறையாக அப்படியே. அதோடு ஸ்கேனில் கிட்னியில் நீர்க்கட்டிகள் என்றால் ஹெச்என்எஃப்1பி என்ற ஒற்றை ஜீன் கோளாறாக இருக்கலாம். அங்கே சீனியும் கிட்னியும் ஒரே பிழையின் இரண்டு முகங்கள். அம்மா வழியில் சீனி, கூடவே இளவயதிலேயே காது மந்தம் என்றால் மைட்டோகாண்ட்ரியா மரபணுவைப் பார்க்க வேண்டும். உங்கள் கதையில் இந்தச் சாயல் எதுவும் எனக்குத் தெரியவில்லை. இருந்தால் எழுதுங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு கேள்வியையும் நீங்கள் கேட்காமல் விட்டிருக்கிறீர்கள்: சொந்தத்தில் கல்யாணம். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டுவது இன்னும் நம் பக்கம் ஓயவில்லை. அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் ஒரே பிழை சேர்ந்து வந்தால் மட்டும் வெளிப்படும் அரிய கிட்னி நோய்கள் இதனால் குழந்தைகளுக்குக் கூடும், அது நிச்சயம். சீனியால் வரும் கிட்னி நோய் அப்படிப்பட்ட ஒற்றைப் பிழை நோய் அல்ல. இருந்தாலும் சொந்தத்தில் கட்டியவர்கள் வீட்டில் இரண்டு பக்கமும் சீனி, இரண்டு பக்கமும் பிரஷர் என்று அமைவது சகஜம். இது என் அனுபவக் கணிப்பு மட்டுமே, நிரூபணம் அல்ல.

அத்தைக்கு வருவோம். உங்கள் அத்தை போன்றவர்கள் விதிவிலக்கு இல்லை. நிறையப் பேர் இருக்கிறார்கள். டைப் 1-இல் கிட்னி பாதிப்பு புதிதாக ஆரம்பிப்பது சீனி வந்து 15, 20 வருடத்தில் உச்சத்தைத் தொட்டு, அப்புறம் குறையத் தொடங்குகிறது என்று நெடுங்காலமாகத் தெரியும். அதுவரை தாக்குப்பிடித்தவர்களில் பலர் கடைசிவரை தப்பிவிடுகிறார்கள். பாஸ்டனிலுள்ள ஜாஸ்லின் மையம் 50 வருடத்துக்கு மேல் சீனியோடு வாழ்ந்தவர்களுக்குப் பதக்கம் கொடுத்து, அவர்களையே ஆராய்ச்சிக்கும் அழைத்தது. அவர்களில் கிட்னி கெடாதவர்களின் வடிகட்டி உருண்டைகளில், குளுக்கோஸை எரிக்கும் ஒரு நொதி கூடுதலாக இருந்ததாக 2017-இல் எழுதினார்கள். அதாவது சிலருடைய செல்கள் மிஞ்சிய சீனியின் நச்சை ஒதுக்கிவிடுகின்றன. அத்தைக்கு அந்தக் கொடுப்பினை இருக்கலாம். அந்தக் கொடுப்பினை உங்களுக்கு வந்திருக்கிறதா என்று இன்று பார்க்க வழியில்லை. ஆகவே அத்தையை முன்மாதிரியாக எடுத்து அல்வாக் கடைக்குப் போக வேண்டாம். இன்னொன்றும் கேட்பேன்: "ஒன்றும் ஆகவில்லை" என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கிரியேட்டினின் 1.1 என்று எழுதிய சீட்டை வைத்தா? 45 கிலோ எடையுள்ள, தசை கரைந்த 70 வயது அம்மாவுக்கு 1.1 என்பது நார்மல் இல்லை. வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் 50-க்கும் 55-க்கும் நடுவில்தான் நிற்கும். டைப் 2-இல் புரதமே போகாமல் திறன் மட்டும் இறங்குவதும் உண்டு. அத்தையையும் ஒருமுறை கூட்டிப்போய்ப் பாருங்கள்.

சரி, கையில் பிடிக்க முடிந்த காரணங்கள் எவை? சீனி ஏறும்போது கிட்னிக்குள் முதலில் நடப்பது சேதம் அல்ல, அதிவேகம். வடிகட்டிக்குள் ரத்தம் நுழையும் குழாய் அகன்றுவிடுகிறது. வெளியேறும் குழாய் சுருங்குகிறது. மேல்மடையை அகலத் திறந்து வடிகாலை அடைத்தால் வயல் வரப்பு என்ன ஆகும்? அதுதான் உள்ளே நடக்கிறது. அந்தக் கட்டத்தில் டெஸ்ட் எடுத்தால் கிட்னி "வழக்கத்தைவிட நன்றாக" வேலை செய்வதாகக் காட்டும். அழுத்தம் தாங்காமல் சவ்வு தடிக்கும், அதைப் பிடித்திருக்கும் செல்கள் உதிரும், அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். கடைசியில்தான் கிரியேட்டினின் ஏறும், கால் வீங்கும். உப்பு கூடிவிட்டது என்று நம்மிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்தக் கடைசிக் கட்டத்தில்தான் வருகிறார்கள். இரண்டு வருடமே ஆன உங்களுக்கு இப்போது நடப்பது முதல் கட்டமாக இருக்கலாம். செய்யக்கூடியது அதிகம் இருப்பதும் இந்தக் கட்டத்தில்தான்.

சீனியின் பங்கு சந்தேகமில்லாதது. 1993-இல் முடிவு வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், டைப் 1 நோயாளிகளில் ஒரு பிரிவினரை சராசரியாக ஆறரை வருடம் கறாராகக் கட்டுப்படுத்தினார்கள். பிறகு இரண்டு பிரிவினருக்கும் கட்டுப்பாடு கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டது. ஆனாலும் தொடக்கத்திலிருந்து 22 வருடம் கழித்துப் பார்த்தபோது, ஆரம்பத்தில் கறாராக இருந்தவர்களிடம் கிட்னித் திறன் இறங்கியது பாதிதான். தொடக்க வருடங்களை உடம்பு ஞாபகம் வைத்திருக்கிறது. டைப் 2-க்குப் பிரிட்டனில் நடந்த நீண்ட ஆய்வில் ஹெச்பிஏ1சி ஒரு சதவீதம் குறைவாக இருந்தவர்களுக்குச் சின்ன ரத்தக் குழாய்ச் சிக்கல்கள் 37 சதவீதம் குறைவாக இருந்தன. உங்கள் 7.8 என்பது "பரவாயில்லை" என்று விடக்கூடிய எண் அல்ல. 31 வயதில் சீனி வந்தவருக்கு முன்னால் நாற்பது வருடம் கிடக்கிறது. தாழ்சீனி வராமல் 7-க்குக் கீழே, முடிந்தால் 6.5 பக்கம் கொண்டுபோகச் சொல்லி உங்கள் டாக்டரை விடாமல் கேளுங்கள்.

அடுத்தது ரத்த அழுத்தம். ஒன்றை மட்டும் சரிசெய் என்று யாராவது என்னைக் கட்டாயப்படுத்தினால், கிட்னி ஏற்கெனவே கசிய ஆரம்பித்தவரிடம் நான் சீனிக்கு முன் பிரஷரைத்தான் பிடிப்பேன். பெற்றோருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்த சீனி நோயாளிகளுக்குக் கிட்னி கெடுவது கூடுதல் என்பதும் 1980களிலிருந்தே தெரிந்தது. ஆக அப்பாவிடமிருந்து உங்களுக்கு வந்திருப்பது "கிட்னி ஜீன்" என்பதைவிட "பிரஷர் ஜீன்" ஆகவும் இருக்கலாம். 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும். வீட்டில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்துப் பாருங்கள். மாடி ஏறிவந்த வேகத்தில் பார்த்து பயப்பட வேண்டாம்.

எடை, குறிப்பாக வயிற்றுக் கொழுப்பு, அதனால் இன்சுலின் சரியாக வேலை செய்யாமை: இதுவும் காரணம் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. புதிதாகச் சீனி வந்தவர்களை ஐந்து வகையாகப் பிரித்த 2018-இன் ஸ்காண்டிநேவிய ஆய்வில், ஹெச்பிஏ1சி மிக மோசமாக இருந்த வகைக்குக் கிட்னி அதிகம் கெடவில்லை. இன்சுலின் எதிர்ப்பு அதிகம் இருந்த வகைக்குத்தான் கெட்டது. சீனி எண் சுமாராக இருக்கிறதே என்று தொப்பையைத் தடவிக்கொண்டு இருப்பவர்கள் இதைக் கவனிக்கலாம். புகை நிச்சயம் கெடுக்கும். பிறந்தபோது எடை குறைவாக இருந்ததும் கணக்கில் வரும்: கிட்னியின் வடிகட்டிகள் தாய் வயிற்றிலேயே உருவாகி முடிந்துவிடும், பிறகு புதிதாக வளராது. ஒரு கிட்னியில் சிலருக்கு 2 லட்சம் சொச்சம், சிலருக்கு 20 லட்சத்துக்கும் மேல் என்று அவ்வளவு வித்தியாசம். இருப்பு குறைவாகத் தொடங்கியவருக்குச் சீனி சீக்கிரம் வலிக்கும். ஆனால் இதை இப்போது மாற்ற முடியாது, ஆகவே இதை நினைத்து மருகவும் வேண்டாம்.

சந்தேகமானது யூரிக் அமிலம். அது கூடினால் கிட்னி கெடுகிறது என்று வருடக்கணக்காகச் சொன்னோம், மாத்திரையும் கொடுத்தோம். 2020-இல் இரண்டு நல்ல ஆய்வுகளில் அலோபுரினால் கொடுத்து யூரிக் அமிலத்தைக் குறைத்துப் பார்த்தார்கள், கிட்னி காப்பாற்றப்படவில்லை. கிட்னி கெடுவதால் அது ஏறுகிறது, ஏறுவதால் கெடுவதில்லை என்றே இப்போது தோன்றுகிறது. மூட்டுவாதமோ கல்லோ இல்லாமல் அந்த எண்ணுக்காக மட்டும் மாத்திரை தருவதை நான் நிறுத்திவிட்டேன். கெட்ட கொழுப்புக்கு ஸ்டாட்டின் இதயத்துக்காகத் தேவை. கிட்னியைக் காக்கும் என்று அதை விற்கக் கூடாது.

புத்தகத்தில் அடிக்குறிப்பாக வருவது நம் பக்கம் முதல் பக்கத்தில் வர வேண்டும்: வலி மாத்திரை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கத்துப் பெண்கள் மடியில் தட்டை வைத்துக்கொண்டு, குனிந்த கழுத்தோடு நாள் முழுக்கப் பீடி சுற்றுகிறார்கள். சாயங்காலம் இடுப்பும் தோளும் கழன்று விழும். மெடிக்கல் ஸ்டோரில் "மேலு வலிக்கு ரெண்டு செட் குடுங்க" என்றால் காகிதத்தில் மடித்து வரும். பிரித்துப் பார்த்தால் அதில் டைக்லோஃபெனாக்கோ அசிக்ளோஃபெனாக்கோ இருக்கும். சீனி, பிரஷர் மாத்திரை, வெயிலில் தண்ணீர் குடிக்காத உடம்பு, அதன்மேல் இது தினமும் என்றால் எந்த ஜீனும் தேவையில்லை. உங்கள் வீட்டில் யாராவது இப்படி வாங்குகிறார்களா என்று விசாரியுங்கள். முடிந்தால் பாராசிட்டமாலோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

மறுபக்கம், "சீனி மாத்திரை சாப்பிட்டுச் சாப்பிட்டுத்தான் கிட்னி போச்சு" என்று அப்பாவைப் பற்றி உறவினர்கள் சொல்லியிருப்பார்கள். சீனி மாத்திரையான மெட்ஃபார்மின் கிட்னியைக் கெடுப்பதில்லை. கிட்னித் திறன் 30-க்குக் கீழே போனால் நிறுத்துகிறோம், அது வேறு காரணத்துக்காக. இந்தப் பேச்சைக் கேட்டு மாத்திரையை விட்டுவிட்டு, ஒரு வருடம் கழித்து வீங்கிய காலோடு வந்தவர்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கருப்பட்டிக்கும் விதிவிலக்கு கிடையாது. உடன்குடியில் காய்ச்சியதானாலும் அதில் பெரும்பகுதி நாம் கடையில் வாங்கும் சீனியிலிருக்கும் அதே சுக்ரோஸ்தான். பெயர் தெரியாத பஸ்பமும் லேகியமும் வேண்டவே வேண்டாம். கேரளத்தில் இரும்பன் புளி என்கிற புளிப்புக் காயின் சாற்றைக் கொழுப்புக் குறையும் என்று குடித்து, அதிலுள்ள ஆக்சலேட் கிட்னியில் படிந்து, டயாலிசிஸ் வரை போனவர்களைப் பற்றி மருத்துவ இதழில் பதிவு இருக்கிறது. செங்கோட்டையைத் தாண்டி அந்த வைத்தியம் இங்கேயும் எட்டிப் பார்க்கிறது.

இப்போது நீங்கள் செய்ய வேண்டிய டெஸ்ட். காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம். லேப்பில் ஏசிஆர் என்று கேளுங்கள். சாதாரண யூரின் டெஸ்ட்டில் "அல்புமின் நில்" என்று வருவது போதாது, அது ஆரம்பக் கசிவைப் பிடிக்காது. 30-க்குக் கீழே இயல்பு, 30 முதல் 300 வரை ஆரம்பக் கசிவு, அதற்கு மேல் முற்றிய கசிவு. காய்ச்சலின்போதும், நீர்க்கடுப்பு இருக்கும்போதும், முந்தின நாள் கடுமையாக விளையாடியிருந்தாலும் எடுக்க வேண்டாம், பொய்யாக ஏறும். ஒருமுறை கூடுதலாக வந்தால் மூன்று மாதத்துக்குள் மறுபடி இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு கூடுதலாக இருந்தால்தான் கணக்கு. சென்னையில் சீனி நோயாளிகளிடம் பார்த்து 2007-இல் வெளியிட்ட கணக்கில் 26.9 சதவீதம் பேர் அந்த ஆரம்பக் கட்டத்தில் இருந்தார்கள். முற்றிய நிலையில் 2.2 சதவீதம்தான். நடுவில் அவ்வளவு இடம் இருக்கிறது. ஆரம்பக் கசிவு திரும்பி இயல்புக்கு வருவதும் உண்டு. கூடவே கிரியேட்டினினை வைத்துக் கணக்கிடும் வடிகட்டும் திறன் (இஜிஎஃப்ஆர்), விழித்திரைப் பரிசோதனை. எல்லாம் வருடத்துக்கு ஒருமுறை. உங்கள் குடும்பக் கதைக்கு ஏசிஆரை நான் ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பேன். அது விதி அல்ல, என் வழக்கம்.

கசிவு தெரிந்தால் உங்கள் அப்பா காலத்தில் இல்லாத மருந்துகள் இன்று இருக்கின்றன. பிரஷருக்குத் தரும் லோசார்டான் வகை மாத்திரைகள் அடைபட்ட வடிகாலைத் திறக்கின்றன; 2001-இலேயே நிரூபணமானது. சீனியைச் சிறுநீரில் வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 தடுப்பான்கள் என்ற மாத்திரைகள் அகன்ற மேல்மடையைக் குறுக்குகின்றன. 2019, 2020, 2023 என்று வந்த மூன்று பெரிய ஆய்வுகளில் கிட்னி மோசமாவது 28 முதல் 39 சதவீதம் வரை குறைந்தது. அந்த வகையைச் சேர்ந்த டபாக்ளிஃப்ளோசினின் காப்புரிமை 2020-இல் நம் நாட்டில் முடிந்ததால் விலை சாமானியருக்கு எட்டும் அளவுக்கு இறங்கிவிட்டது. லோசார்டான், எஸ்ஜிஎல்டி2 ஆகிய இரண்டு வகையிலும் தொடங்கும்போது கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும். அதைக் கண்டு மாத்திரையைத் தூக்கி எறியக் கூடாது, 30 சதவீதத்துக்கு மேல் ஏறினால்தான் யோசிக்க வேண்டும். எஸ்ஜிஎல்டி2 மாத்திரையால் பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம். வாந்தி பேதி, பட்டினி, ஆபரேஷன் சமயங்களில் நிறுத்திவைக்க வேண்டும். நீங்களாக வாங்கிப் போடும் மருந்து அல்ல இவை.

கடைசியாகத் தங்கை. அவள் மனசு பெரியது, ஆனால் இந்த வீட்டில் முதலில் யோசிக்க வேண்டிய தானகர்த்தா அவள் அல்ல. 28 வயது, அப்பாவுக்கும் அண்ணனுக்கும் சீனி. இன்று சீனி இல்லை என்பதால் நாற்பதில் வராது என்று யாரும் கையெழுத்துப் போட முடியாது. அன்று அவளிடம் ஒரு கிட்னிதான் இருக்கும். கிட்னி கொடுத்த பெண்களுக்குப் பின்னால் வரும் கர்ப்பத்தில் பிரஷர் ஏறுவதும் பிரிஎக்லாம்ப்சியா என்ற ஆபத்தான கர்ப்பகாலப் பிரஷர் நோயும் 11 சதவீதம், கொடுக்காத ஆரோக்கியமான பெண்களுக்கு 5 சதவீதம் என்று 2015-இல் கனடாவிலிருந்து ஓர் ஆய்வு வந்தது. பெரும்பாலான பிரசவங்கள் நன்றாகவே முடிந்தன என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது; ஆகவே "முடியவே முடியாது" என்று நான் சொல்லவில்லை. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் டெஸ்ட், ஹெச்பிஏ1சி, ஏசிஆர் மூன்றும் எடுக்காமல் பேச்சைத் தொடங்கவே வேண்டாம். எல்லைக்கோட்டில் வந்தால் அவள் வயதில் நான் வேண்டாம் என்பேன். அம்மாவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. அவருக்குச் சீனியும் பிரஷரும் இல்லையென்றால் அவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1994 சட்டப்படி மனைவியும் நெருங்கிய உறவுதான், ரத்தப் பிரிவு வேறாக இருப்பதே இப்போது முழுத் தடை அல்ல. அது நடக்கும்போதே, மாற்று அறுவை செய்யும் மருத்துவமனை ஒன்றின் வழியாகத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் பட்டியலில் அப்பாவின் பெயரைப் பதிந்துவிடுங்கள். இடையில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று சட்டென்று ரத்தம் ஏற்ற ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் பிறர் உறுப்பை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் உடம்பில் உருவாகலாம். பிறகு பொருந்துகிற கிட்னி கிடைப்பது கடினமாகும். அவசரம் இல்லாதவரை இரும்புச்சத்தும், ரத்தம் ஊறச்செய்யும் எரித்ரோபொயட்டின் ஊசியும் போட்டு ரத்த அளவைக் கூட்ட முடியுமா என்று டயாலிசிஸ் டாக்டரிடம் கேளுங்கள்.